வண்டியோட்டியின் வாக்குமூலம்

ஜூன் 3, செவ்வாய்

முன்னறை மேசையைப் பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். நடக்க இடம் இல்லையாம். முடியாது என்றேன்.

"அதுல இனிம யாரு உக்காரப் போறாவ?"

கீரை ஆய்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் உலகுவும் அவன் நண்பர்கள் மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றித்தான் உட்காருவார்கள். சீட்டு விளையாட்டில்லை, கேரம் இல்லை. ஆளுக்கொரு பாத்திரம். நிலோஃபர் வாள்வீராங்கனை, ஜாஸ்பர் பாதிரியார், மகராஜன் பூட்டுடைக்கும் திருடன். என் மகன் கேம் மாஸ்டர். அதாவது, அவர்கள் நடமாடும் ஊரும் மழையும் பேயும், எதிரே வருகிற ஒவ்வொரு ஆளும் அவன்தான். அவன் நிலைமையைச் சொல்வான். அவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும்.

கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு கொலைக் கதை. மலையுச்சியில் மூடுபனிக்குள் ஒரு கோட்டை. பூட்டிய ஜெபக்கூடத்தில் இளைய பிரபு தலையில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறார். கொன்றது யார் என்று உலகு எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் மண்டைக்குள். சென்ற வருடம் தை மாதம் வள்ளியூர் தாண்டி நாற்கரச் சாலையில் பைக் விபத்தில் அவன் போய்விட்டான். பிரபு அப்படியே கிடக்கிறார்.

ஜூன் 7, சனி

அவருக்கு பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். நிலோஃபர்தான் அங்கே மருந்தாளுநர். மாத்திரையை எண்ணிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் நலம் விசாரித்தாள். திடீரென்று கேட்டுவிட்டேன்.

"அந்தக் கோட்டைக் கதைய முடிச்சிருவமா?"

"யாரு ஆன்ட்டி நடத்துவா?"

"நான்தான்."

அவள் கண் விரிந்தது. "பேயி, ரத்தம், பொணம் எல்லாம் வரும்லா ஆன்ட்டி?"

"கோர்ட்டுல நான் பாக்காத ரத்தமா?"

இருபத்தெட்டு வருடம் நீதிமன்றத் தட்டச்சராக இருந்தவள் நான். சாட்சி சொல்லச் சொல்ல அடிப்பேன். அடுக்களையில் வேலை செய்துகொண்டே உலகு நடத்திய கதை முழுவதையும் அப்படித்தான் கேட்டு வைத்திருக்கிறேன். கோட்டையின் படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது வரை தெரியும். விதிமுறைகளைச் சொல்லித் தருகிறேன் என்றாள் நிலோஃபர்.

ஜூன் 12, வியாழன்

பைப்பில் தண்ணீர் வரவில்லை. மாவு புளித்துவிட்டது. இருபது வந்தால் அமோக வெற்றி, ஒன்று வந்தால் படுதோல்வி. இதுவரை புரிந்தது இவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

நிலோஃபரும் ஜாஸ்பரும் வந்தார்கள். மகராஜன் வரவில்லை. அவர் வெளியே போய்விட்டார்.

குரலைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். "மழை பெய்கிறது. கோட்டையின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே விளக்கு இல்லை. என்ன செய்கிறீர்கள்?"

ஜாஸ்பருக்குச் சிரிப்பு. "ஆன்ட்டி, சம்மன் வாசிக்க மாதிரி இருக்கு."

பிறகு சிரிக்கவில்லை. உணவுக்கூடத்தில் பிரபுவின் தாயார் கறுப்பு உடையில் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். உலகு நடத்தியபோது அந்த அம்மாள் ஒரு பெயராக மட்டும் வந்துபோனவர். நான் அவரை மேசைத் தலைமாட்டில் உட்காரவைத்தேன். தினமும் சாயங்காலம் மகனுக்கு ஒரு தட்டு வைக்கிறார். ஆறிப்போனதும் தானே எடுத்துக் கழுவுகிறார். வேலைக்காரர்கள் யாரையும் அந்தத் தட்டைத் தொட விடுவதில்லை. முன்கூட்டியே யோசித்ததில்லை, அந்த நேரத்தில் வாயில் வந்தது.

நிலோஃபர் அந்தத் தாயாரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் வெகுநேரம் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 23, திங்கள்

"அவன் வந்தானா?" என்று கேட்டார். பெயரைச் சொல்லமாட்டார்.

"வரல."

"நம்ம வீட்டுப் படி ஏறக் கூடாது அவன். கேஸ் முடியட்டும், உள்ள போவட்டும்."

மகராஜன் மீதான வழக்கு வள்ளியூர் நீதிமன்றத்தில் நடக்கிறது. கவனக்குறைவாக வண்டி ஓட்டி மரணம் விளைவித்த குற்றம். கன்னியாகுமரி போய்விட்டுத் திரும்பும் வழியில் தான் ஓட்டியதாகவும், உலகு பின்னால் உட்கார்ந்திருந்ததாகவும், நாய் குறுக்கே வந்ததாகவும் அவனே போலீசில் சொல்லியிருக்கிறான். நாய் குறுக்கே வந்தது என்ற வரியை என் விரல்கள் எத்தனை முறை அடித்திருக்கின்றன! சொல்பவர் கண்ணைப் பார்க்காமலே தெரிந்துவிடும், எந்த நாய் உண்மையான நாய் என்று.

சாட்சிப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டாவது ஆட்டம். இன்று ஒரு புதிய ஆளைக் கொண்டுவந்தேன். அன்று மாலை மலைப்பாதையில் பிரபுவை அழைத்துவந்த குதிரை வண்டியோட்டி. வழியில் வண்டி கவிழ்ந்ததாகவும், அடிபட்ட பிரபு தானே எழுந்து ஜெபக்கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாகவும் சொல்கிறான். ஏன் கவிழ்ந்தது என்று பாதிரியார் கேட்டார்.

"ஓநாய் குறுக்கே வந்தது" என்றேன் வண்டியோட்டியின் குரலில்.

ஜாஸ்பர் கையிலிருந்த மிக்சரை மறுபடி தட்டில் போட்டான்.

"இந்த ஆளு உலகு சொன்ன கதைல கெடையாதே ஆன்ட்டி" என்றாள் நிலோஃபர் மெதுவாக.

கோட்டைக்குப் போக வண்டி வேண்டும். வண்டியென்றால் ஓட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

ஜூலை 10, வியாழன்

வண்ணார்பேட்டை பக்கம் வேறு வேலையாகப் போனேன். மகராஜன் வேலை பார்க்கும் உரக்கடை அங்கேதான் இருக்கிறது. மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தான். வலது காலைச் சற்று இழுத்து நடக்கிறான். என்னைக் கண்டதும் முதலாளியிடம்கூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டான். முன்பெல்லாம் வாசலிலேயே "அம்மா, டீ" என்று கத்திக்கொண்டு வருகிறவன். இன்று எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் நின்றான்.

"திருடன் இல்லாம ஜெபக்கூடத்துப் பூட்டத் தெறக்க ஆளு இல்ல. ஞாயித்துக்கிழமை வா" என்றேன்.

"அப்பா..."

"அவிய ரூமுக்குள்ள இருந்துக்கிடுவாவ."

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்துவந்தான்.

ஜூலை 20, ஞாயிறு

வந்தான். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

ஜெபக்கூடத்தின் பூட்டைத் திருடன் பரிசோதித்தான். பகடையை உருட்டினான். இருபது! மூன்று பேரும் ஒரே குரலில் கத்திவிட்டார்கள். கத்திய பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கத்தலாம்ல, ஒண்ணுமில்ல" என்றேன்.

உள்ளே என்னென்ன இருந்தது என்பதை, ஜன்னல் வழியே தெரிந்ததாக உலகு முன்பு சொன்னபடியே சொன்னேன். உருகி வழிந்த மெழுகுவர்த்திகள். பீடத்துக்கு மேலே கூடு கட்டியிருக்கும் காகங்கள். பிரபுவின் பக்கத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணம், அதை யாரோ கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள். சந்தேகத்துக்குரியவர்கள் மூவர்: அரண்மனை மருத்துவர், பிரபுவின் விதவைத் தமக்கை, வண்டியோட்டி.

மகராஜன் நன்றாக விளையாடினான். வண்டியோட்டியிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

நிலோஃபர் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா கோவப்பட மாட்டியளே? அந்த வண்டியோட்டிய வச்சு என்ன செய்யப் போறிய?"

"கதை எங்க போவுதோ அங்க போவும்."

"மகராஜன் தூங்கி மாசக்கணக்காச்சு ஆன்ட்டி. பாவம்."

கேஸ் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இப்படி எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

மூவரும் வந்தார்கள். அவர் போன தடவை போலவே அறைக்குள். கோட்டையில் விசாரணை மன்றம் கூடுகிறது என்றேன். விசாரிக்கும் நீதிபதியாக நான் பேசுவேன். திருடன் கோபுரத்தில் காவலுக்குப் போயிருப்பதால் மகராஜனுக்கு இந்தக் காட்சியில் வேலை இல்லை. ஆகவே அவன் வண்டியோட்டியாகப் பதில் சொல்லட்டும் என்றேன்.

நிலோஃபர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "ஆன்ட்டி, வேண்டாம்."

"பரவால்ல நிலோ, உக்காரு. நான் பேசுதேன்" என்றான் மகராஜன்.

நான் கேட்டேன். "வண்டியை ஓட்டியது யார்?"

"நாந்தான்."

"எதனால் கவிழ்ந்தது?"

"ஓநாய் குறுக்க வந்துச்சு."

"எந்தப் பக்கத்திலிருந்து?"

"இடது பக்கம்... இல்ல, வலது."

"எந்தக் குதிரை முதலில் மிரண்டது?"

பகடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்த இடத்தில் வக்கீல்கள் கொஞ்சம் பொறுப்பார்கள். நானும் பொறுத்தேன்.

"பிரபு எங்கே உட்கார்ந்திருந்தார்?"

"பின்னால."

"பின்னால் இருந்தவருக்கு நெற்றியிலும் நெஞ்சிலும் அடி. முன்னால் இருந்து ஓட்டிய உனக்குக் காலில் மட்டும் அடி. அது எப்படி?"

மகராஜன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமில்லாத, களைத்துப்போன பார்வை. பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

"அவரு கேட்டாரு."

"என்ன கேட்டார்?"

"கடிவாளத்தக் குடுன்னு. ஒரே ஒரு தடவ, கணவாய் தாண்டுற வரைக்கும்னு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். 'எல்லாப் பயலும் ஓட்டுதான், நான் மட்டும் ஆயுசு பூரா பின்னாடியே உக்காந்து வரணுமால'ன்னு கேட்டாரு. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. குடுத்துட்டேன்."

ஜாஸ்பர் தலையைக் குனிந்துகொண்டான்.

"கணவாய்ல காத்துன்னா அப்படியொரு காத்து. சட்டையெல்லாம் பொடைச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே ஓட்டுனாரு. மெதுவாத்தான் ஓட்டுனாரு. நல்லாத்தான் ஓட்டுனாரு. எறங்கச் சொன்னேன், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னாரு. ரொம்ப தூரம் வந்துட்டோம். அப்புறம் பேச்சு நின்னுபோச்சு. கூப்புட்டேன். திரும்பல. இடது கை கடிவாளத்த விட்டுட்டு அப்படியே மேல போச்சு. பெருவிரல் உள்ள மடங்கி..."

சொல்லிக்கொண்டே தன் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான்.

இடது கை. பெருவிரல் உள்ளே மடங்கும். ஒன்பது வயதிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அந்த விரலைக் கண்டதும் ஓடிப்போய்த் தலைக்கடியில் கை கொடுப்பேன்.

விசாரணை இத்துடன் ஒத்திவைக்கப்படுகிறது என்றேன். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி எழுந்து அடுக்களைக்குப் போனேன். பால் ஏதும் வைக்கவில்லை. திரும்பி வரும்போது மூவரும் போயிருந்தார்கள். டம்ளர்களை யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சமைக்கவில்லை. கடையில் இட்லி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

உலகுவுக்கு வலிப்பு இருந்தது. எழுதியாகிவிட்டது. இந்த வார்த்தையை இதற்கு முன் எங்கும் எழுதியதில்லை.

உறவில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தபோதெல்லாம் வெயில் என்றும் பசி என்றும் சொன்னோம். மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்தோம். பைக் சாவியைத் தொடமாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான். நானும் நம்பினேன். மற்ற பிள்ளைகள் வண்டியில் பறக்கும்போது அவன் வாசலில் நின்று பார்ப்பான். திரும்பி வந்து கோட்டையும் குதிரையும் வைத்துக் கதை கட்டுவான். பொழுது போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆகஸ்ட் 9, சனி

உரக்கடை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அடைத்திருந்தது. மகராஜன் வாசலில் டிபன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன்ல பொய் சொன்ன?"

"போலீசு வந்ததும் முதல்ல அதான் வாயில வந்துச்சு. வண்டி என் வண்டி. ஓட்டுனது நாந்தான்னு சொன்னா வேற எதையும் கேக்க மாட்டாங்கன்னு தோணுச்சு."

"எங்ககிட்டயாவது சொல்லிருக்கலாம்லா?"

டப்பாவின் மூடியைத் தடவினான்.

"அவன் நல்லபடியா எறங்கிருந்தான்னு வைங்க, மொதல்ல 'அம்மாகிட்ட சொல்லிராதல'ம்பான். எனக்கு அது தெரியும். அம்மா, எம்மேல கோவப்பட்டா நீங்க எப்படியாவது இருந்துருவிய. அவன் மேல கோவப்பட்டா எப்படி இருப்பிய?"

கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள். "சாப்புடு மொதல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அவன் சொன்னது சரிதான். பஸ்ஸில் வரும்போது என் மகன் மேல் எனக்கு அடக்கமுடியாத கோபம் வந்தது. அவன் இறந்த பிறகு முதல்முறையாக. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாளையங்கோட்டை வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னைக்கே கேட்டுச்சுளா. கதவச் சாத்துனா காது கேக்காதா?"

பத்து நாளாகத் தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். மாத்திரை போட்டிருக்கிறார், பேப்பர் படித்திருக்கிறார்.

"கோர்ட்டுல சொல்லணும்" என்றேன்.

"என்னத்தச் சொல்லணும்? நம்ம பிள்ளைக்கு வலிப்புன்னா? இத்தன வருசம் பொத்திப் பொத்தி வச்சது ஊருக்கெல்லாம் கொட்டடிக்கவா? ஏளா, செத்துப்போன பயலக் கொண்டுபோய்க் கூண்டுல ஏத்தணுமா?"

"உயிரோட இருக்கவன் கூண்டுல நிக்கான்லா."

"அவனா ஒத்துக்கிட்டான்."

"யாருக்காக ஒத்துக்கிட்டான்?"

அவர் எழுந்து போய் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்தார். இந்த வீட்டில் அவர் துணி எடுத்து நான் பார்த்ததில்லை. கீழே வந்து உலகுவின் பழைய துண்டையும் சேர்த்து மடித்து வைத்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வக்கீல் தாணுமூர்த்தியைப் பார்த்தேன். நான் வேலை பார்த்த காலத்திலிருந்து தெரிந்தவர். மகராஜனையும் அழைத்துப் போயிருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்குத் தெரியாதது இல்ல, மேடம். நேர்ல பாக்காத விபத்தப் பத்தி நீங்க சாட்சி சொல்ல முடியாது. ஆனா நோயப் பத்திச் சொல்லலாம். காயத்த வச்சு டாக்டரக் குறுக்கு விசாரணை பண்ணலாம். வைத்தியம் பாத்த சீட்டு வேணும், எல்லா வருசத்துக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார் ஒத்துக்கிட்டாரா?"

ஒத்துக்கொள்வார் என்றேன். மகராஜன், பொய் சொன்னதற்குத் தனக்கு என்ன தண்டனை என்று கேட்டான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் வக்கீல்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆட்டம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. மேசையில் முறுக்கு மாவு பிசைந்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

வைத்தியச் சீட்டுகளை நான் தேடவில்லை. அவர் பீரோவுக்குள் புது வேட்டிகளுக்கு அடியில் இருப்பது தெரியும். அவராக எடுத்துத் தரவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இன்று மதியம் தூங்கி எழுந்தபோது அவர் முன்னறையில் அந்தப் பெரிய மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பி உட்கார்ந்திருந்தார். மூளை வரைபடங்கள், மாத்திரைச் சீட்டுகள், ஒன்பது வயதில் எடுத்த முதல் ஸ்கேன்.

"நாள் வாரியா அடுக்கியிருக்கேன். வக்கீலு கேப்பாருலா" என்றார். சிறிது நேரம் கழித்து, "இதுல பாரு, இந்த டாக்டரு வண்டி ஓட்டக் கூடாதுன்னு சிவப்பு மையில எழுதிருக்காரு. நான் அவன்ட்டக் காட்டவே இல்ல. படிச்சா வருத்தப்படுவாம்னு" என்றார்.

டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் அந்த மேசையிலேயே உட்கார்ந்து குடித்தோம்.

அக்டோபர் 15, புதன்

வள்ளியூருக்கு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அந்த இடம் வந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே பார்க்கவில்லை.

முன்னதாகப் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரின் சாட்சி முடிந்தது. உள்ளங்கையிலும் நெஞ்சிலும் இருந்த காயங்கள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தவருக்கு வரக்கூடியவை என்று ஒப்புக்கொண்டார். இதுவரை ஏன் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். சாட்சிக் கூண்டில் ஏறியது இதுதான் முதல் முறை. எப்போதும் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவள். மேலே நின்று பார்த்தால் எல்லாருடைய உச்சந்தலையும் தெரிகிறது.

மகனுக்கு வலிப்பு நோய் இருந்தது என்றேன். எத்தனை வயதிலிருந்து, என்னென்ன மருந்து, எப்படி ஆரம்பிக்கும், எல்லாம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்லும்படி நீதிபதி கேட்டுக்கொண்டார். மறுபடி சொன்னேன். வராந்தாவில் என் வீட்டுக்காரரின் அண்ணன் நின்றிருந்தார். வழக்கு என்று கேள்விப்பட்டு வந்தவர். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

"இத்தனை காலம் ஏம்மா மறைச்சீங்க?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"வெட்கப்பட்டோம்" என்றேன்.

"இப்ப எதிரியக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்களா?" குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் எதிரி என்றுதான் சொல்வார்கள்.

"ஆமா. அந்தப் பிள்ளை ஓட்டலைன்னு நான் நம்புதேன். அதுக்காகத்தான் சொல்லுதேன்."

நான் நம்புவது சாட்சியமாகாது என்று அரசு வக்கீல் ஆட்சேபித்தார். ஆகாதுதான். எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

நான் இறங்கி வந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்தார். எதிரிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் மகராஜனின் அருகில் நின்றுகொண்டார். கோர்ட் கலையும்வரை அங்கேயே நின்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

கடையநல்லூரிலிருந்து போன். சங்கரன்கோவிலிலிருந்து போன். "நம்ம பரம்பரையிலயே இல்லாத நோயில்லா" என்றார் அவருடைய அக்கா. "எங்க பிள்ளைக்கு இருந்துச்சு அக்கா" என்றார் இவர். போனை வைத்துவிட்டு, தீபாவளிக்கு அதிரசம் வேண்டாம், செய்தால் சாப்பிட ஆளில்லை என்றார். பிறகு கொஞ்சமாகச் செய், அந்தப் பிள்ளைகள் வந்தால் கொடுக்கலாம் என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

விடுதலை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. பொய்யான தகவல் கொடுத்ததற்கு நீதிபதி மகராஜனைக் கடுமையாகக் கண்டித்தார். அவன் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டான். வெளியே வந்ததும் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கனமழை. பஸ் முழுவதும் குடை ஈரம்.

நவம்பர் 23, ஞாயிறு

கதையை இன்று முடித்தோம்.

மூவரும் மழையில் நனைந்துகொண்டே வந்தார்கள். அவர் அறைக்குள் போகவில்லை. மேசைக்குத் தள்ளி நாற்காலி போட்டு, பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

ஆரம்பிக்கும் முன் சொல்லிவிட்டேன். "உலகு யாரக் கொலகாரனா நெனச்சிருந்தான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சது மாதிரி நடத்திட்டு இருந்தேன். இனிம நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"அந்தக் கிண்ணம் ஆன்ட்டி" என்றாள் நிலோஃபர் உடனே. "அதுதான் எனக்கு மொதல்ல இருந்தே உறுத்திட்டு இருக்கு. சாகக் கெடக்க மனுசன் பக்கத்துல கிண்ணத்த யாரு கழுவி வைப்பா? உலகு சும்மா ஒரு பொருள வைக்க மாட்டான்."

வாள்வீராங்கனை அரண்மனை மருத்துவரைப் பாதாள அறை வரை துரத்தினாள். ஜாஸ்பரின் பாதிரியார் சவப்பெட்டிகளுக்கு நடுவே நின்று அவரை ஜெபத்தால் கட்டினார். பகடை பதினெட்டு. மருத்துவர் ஒப்புக்கொண்டார். பிரபு வழியில் குடிக்கக் கொண்டுபோன பானத்தில் அவர் விஷம் கலந்திருந்தார். மூத்த பிரபுவின் மரணத்திலும் தன் கை இருந்ததை இளையவர் கண்டுபிடித்துவிட்டார் என்ற பயம். விஷம் ஏறித்தான் மலைப்பாதையில் கடிவாளம் பிடித்த பிரபுவின் கை நடுங்கியது, வண்டி கவிழ்ந்தது. ஜெபக்கூடத்துக்குள் பிரபு உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வந்தபோது, பிரபுவின் கையோடு வந்த அந்தக் கிண்ணத்தைக் கழுவியிருக்கிறார். பக்கவாட்டுக் கதவின் சாவி அவரிடம் இருந்தது.

"அப்ப வண்டியோட்டி?" என்று கேட்டது மகராஜன் இல்லை. என் கணவர்.

"அவன் மேல தப்பில்ல" என்றேன்.

"கதையிலயாவது ஒருத்தன் மாட்டுனானே" என்றான் ஜாஸ்பர். குரல் உடைந்துவிட்டது. அவன் அழுது நான் பார்த்ததில்லை. நிலோஃபர் அவன் முதுகில் கை வைத்தாள்.

இனி பிரபுவை அடக்கம் செய்யவேண்டும், மலையடிவாரத்துக் கல்லறைக்குக் கொண்டுபோகவேண்டும் என்றேன். தாயார் வாசலில் நின்று பெட்டியின்மேல் கை வைக்கிறார். குதிரைகள் பூட்டிய வண்டி தயாராக நிற்கிறது. யார் ஓட்டுகிறீர்கள்?

நடுவில் கிடந்த பகடையை நிலோஃபர் எடுத்தாள். வெளியே மழை.

"நான் ஓட்டுதேன்" என்றான் மகராஜன். "திருடன்தான். ஆனா அவனுக்கு ஓட்டத் தெரியும்."

பகடை வேண்டாம் என்றேன். பனி விலகிக்கொண்டிருக்கிறது, பாதை முழுவதும் ஈரம், இடது பக்கம் பள்ளம் என்றேன். அவன் மேசைமேல் இரண்டு கைகளையும் கடிவாளம் பிடிப்பதுபோல வைத்துக்கொண்டான். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மேசையருகே உட்கார்ந்தார்.

"இங்க ஒரு வளைவு இருக்கு" என்றேன்.

"மெதுவாப் போறேம்மா" என்றான்.

நான் பாதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு மரத்தையும், ஒவ்வொரு கல்லையும் சொன்னேன். அவன் பிரபுவை அலுங்காமல் கீழே கொண்டுவந்து சேர்த்தான்.